றாஸிக் பிந்திச் சொன்ன ஸலாம்

எங்கள் பக்கத்து வீட்டு றாஸிக் பஸ் நடத்துனராக இருந்தவர். கல்முனை டிப்போவில் நின்று அவர் கூப்பிட்டால் அடுத்த ஊரான பாண்டிருப்பில் நிற்பவனும் பையைத் தூக்கிவிடுவான். வேலையை விட்ட பிறகும் அவர் கதைப்பதை விடவில்லை.

மனைவி முஸ்பிறா விவசாயம் படித்தவர். வீட்டின் பின்னறையில் இழைய வளர்ப்புக்கூடம் வைத்து, மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஸ்ட்ரோபெரிக் கன்று கொடுக்கிறார். குருத்தை நெல்மணி அளவுக்கு வெட்டி, சாவணம் என்கிற சின்ன இடுக்கியால் போத்தலுக்குள் கடற்பாசிக் கூழில் நடுவார். நோன்பு துறக்கக் காய்ச்சுகிற அதே கடற்பாசிதான். ஒரு குருத்து பத்தாகும். ஆனால் நடும்போது மூச்சுப் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அந்த அறைக்கு உதவியாளராகப் போனவர் நம்முடைய றாஸிக். முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டு, செடிகளுக்கு ஊர் அரசியல் சொன்னார். இரண்டு மாதத்தில் அலுமாரி முழுக்கப் பூஞ்சணம். தப்பியது ஒரே ஒரு போத்தல்.

அதைப் பன்னிரண்டு போத்தலாகப் பிரித்து நட வேண்டிய நாள் காலையில் முஸ்பிறாவின் கை கொதிநீரில் வெந்துவிட்டது.

"மச்சான், இதுவும் போனா அறையப் பூட்ட வேண்டியதுதான். நீங்க நட்டு முடியிற வரைக்கும் வாயத் திறக்காதீங்க," என்றார். பிறகு மருந்து கட்டப் போனார்.

றாஸிக் பயந்துபோனார். பழகிக்கொள்ள, நடுவதற்கு முன்பே தேநீர்க் கடையிலும் வாய் திறக்கவில்லை. மருமகன் கதைக்கிறாரில்லை என்ற செய்தி மாமிக்கு, அதாவது முஸ்பிறாவின் உம்மா சுபைறாவுக்கு, எட்டியது. புருஷன் பெண்சாதிக்குள் கொழுவல் என்று முடிவு கட்டி, சமாதானம் பேச மூன்று பேரோடு வந்துவிட்டார்.

றாஸிக் நட்டுக்கொண்டிருந்த பின்னறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும், மருமகன்," என்றார்.

ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? றாஸிக்கின் நெற்றி வியர்த்தது. சாவண நுனியில் குருத்து. அவர் திரும்பவில்லை. மாமி மூன்று முறை சொன்னார்.

"விசயம் பெரிசாத்தான் இரிக்கி," என்றார் கூட வந்த ஒருவர்.

கடைசி மூடியையும் இறுக்கிவிட்டு றாஸிக் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றி, "வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு," என்று டிப்போக் குரலில் மூன்று முறை சொன்னார். பிறகு காலையிலிருந்து தேக்கிவைத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார். சமாதானம் பேச வந்தவர்களுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், பன்னிரண்டு போத்தலும் பச்சைப்பசேலென்று சுத்தமாக இருந்தன.

"இனி நீங்களே நடுங்க மச்சான்," என்றார் முஸ்பிறா.

றாஸிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், பொய்யில்லை. மனிதர் முகக்கவசத்தை மேலே இழுத்து, கண்வரை மூடிக்கொண்டார்.