கழுத்துக்குள் இருந்த மெழுகு

நேசராசா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மிசிசாகாவில் வேலை முடித்து, மில்லிக்கன் வீட்டுக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். அவருடைய மனைவி பவானி ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ஒரு பிளாசாவில் காரை நிறுத்தினேன். அழுகைக்கு முன்னால், சொல்லாமல் விட்டதை இனி அவரிடம் எப்படிச் சொல்லுவேன் என்ற எண்ணம்தான் வந்தது.

விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிக் கழகத்துக்கு என்னைக் கூட்டி வந்தவரும் அவர்தான். கழகத்தில் அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போருக்குத் தப்பி வந்த எங்கள் சனத்துக்குத் துவக்கு என்றால், அது எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும், ஆகாது. ஒரு பிறந்தநாள் வீட்டில் ஓர் அக்கா அவரை மறித்து, உதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள் என்று கேட்டார். நேசராசா கோபிக்கவில்லை. "நான் கடதாசியைத்தான் சுடுறன் அக்கா. அதுக்கு நோகாது" என்றார்.

சுட்டபின் மிஞ்சும் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைச் சேர்த்து, வீட்டு பேஸ்மென்டில் தானே மறுபடி வெடிமருந்தும் குண்டும் நிரப்புவார். குண்டு செருகும் கழுத்து சுட்டதில் விரிந்திருக்கும்; அதை முதலில் அச்சில் விட்டு இறுக்க வேண்டும். அதற்கு முன், அச்சில் வழுக்கிப் போவதற்காக, சின்னப் பிரஷ் ஒன்றைக் கறுத்தக் கிராஃபைட் தூளில் தொட்டு, ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் ஒருமுறை சுழற்றி எடுப்பார். கோதுக்குப் பல் தீட்டுகிறீரா என்று நான் பகிடி பண்ணுவேன். "உள்ளுக்கை காய்ஞ்சதுதான் போகவேணும், ஐசே. பிசுக்குப் போனால் மருந்து பழுதாப் போயிடும்" என்பார்.

நாலு கோடைக்கு முன்னர் அவருடைய மணிக்கட்டு முறிந்து பொருந்தியிருந்தது. அச்சின் பிடியை அழுத்தி இழுக்க முடியவில்லை. போட்டிக்கான கோதுகளை என்னிடம் தந்து, கழுத்து வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார். அதுவரை வேறு எவர் கையிலும் கொடுத்தவரில்லை.

என் வீட்டு பேஸ்மென்டில் நான் அந்த வேலைக்கு இருந்த அன்று, அஜின்கோர்ட்டில் என் தங்கை மகளின் கல்யாணம். தாய்மாமன் நான், வெள்ளை வேட்டியில் சபையில் நிற்க வேண்டியவன். கிராஃபைட் நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது. ஆகவே நிறமில்லாத மெழுகைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் கழுத்துக்குள் பூசினேன். பிறகு துடைக்கலாம் என்று நினைத்தேன். மேலேயிருந்து மனைவி கூப்பிட்டாள். துடைக்கவில்லை.

அவர் என்னை நம்பி, உள்ளே பாராமல் மருந்தை நிரப்பினார். போட்டியில் குண்டுகள் கடதாசியில் மேலும் கீழுமாகச் சிதறின. நேசராசா மணிக்கட்டைத் தடவியபடி துவக்கைப் பெட்டிக்குள் வைத்தார். "கை போயிட்டுது, ஐசே. இனி நிண்டு பாக்கிறன்" என்றார்.

நானும் கைதான் என்று நம்பினேன். அடுத்த கிழமை என் மேசையில் விடுபட்டுக் கிடந்த ஆறு கோதுகளைக் கண்டு, கழுத்துக்குள் பஞ்சை விட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று வந்தது. சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர் துவக்கை விற்றுவிட்டார். விற்ற மனுசனிடம் எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்கில் தேநீரோடு வந்து, உங்கள் குறிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டு நின்றார். அவருக்கு வயது போய்விட்டது என்று நீங்கள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து ஆட்கள் போனபின் பவானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"போன மாசமும் கதிரையில இருந்து கையை நீட்டிப் பிடிச்சு, நடுங்குதோ எண்டு என்னட்டைக் கேட்டவர். இல்லையெண்டன். நம்பேல்லை" என்றார்.

அந்த ஆறு கோதுகளையும் வைத்திருக்கிறேன். இன்னும் துடைக்கவில்லை. நேசராசாவைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அவர் கை நடுங்கவில்லை. பிழை விட்டது என் கை.