சின்னச்சாமி அண்ணனின் நாற்பது ரூம்கள்

சின்னச்சாமி அண்ணன் கோழி வளர்க்கிறார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். நாற்பது கோழிகளுக்கு ரூம் கொடுத்து வைத்திருக்கிறார் என்பதே சரி. கொடைக்கானலில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்தெட்டு வருடம் ஹவுஸ்கீப்பிங் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று சொந்த ஊரான கவுஞ்சிக்கு வந்தவர். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் கோழி வளர்க்க ஆசைப்பட்டார், அனுபவித்தது பக்கத்து வீட்டுக்காரியான நான். அவருடைய கோழிக்கூடும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர்.

ஒவ்வொரு கோழிக்கும் ரூம் நம்பர்தான் பெயர். "லாவண்யா, நூத்தி ஏழுக்கு உடம்பு சரியில்ல" என்பார். எனக்கு எந்தக் கோழி என்றே தெரியாது.

வெள்ளனே கூட்டைத் திறந்து "செக் அவுட், செக் அவுட்!" என்று எல்லாவற்றையும் வெளியே விரட்டுவார். அப்புறம் சிமெண்டுத் தரையில் குடம் குடமாகத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர், கடைசியாகப் பினாயில். குளிர் தாக்கக் கூடாதென்று நாலு பக்கமும் தார்ப்பாய். எங்கள் ஊரில் துவைத்த சட்டையே மூன்று நாளைக்குக் காயாது, மார்கழிப் பனியில் அந்தத் தரை எங்கே காய? கோழிகள் ஈரத்தில் அடைந்து ஈரத்தில் எச்சமிட்டன. காலையில் கதவைத் திறந்தால் எனக்குக் கண் கரித்தது. நான் தாளித்த ரசத்தில்கூட அந்த வாடைதான் வந்தது. கோழிகள் வரிசையாகத் தும்மின, முட்டையும் நின்று போனது.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். "கழுவவே கழுவாதீங்க. மரத்தூளைக் கெட்டியாப் பரப்பி, தினமும் கிளறி விடுங்க. நனைஞ்ச இடத்தை மட்டும் அள்ளுங்க. மேல காத்துப் போக வழி விடுங்க."

அண்ணன் பணிவாகத் தலையாட்டினார். டாக்டரம்மாவின் வண்டி மறைந்ததும், "நல்லாப் படிச்ச புள்ளதேன். ஹவுஸ்கீப்பிங் தெரியல" என்றார். அன்றிலிருந்து சாயங்காலமும் ஒரு தடவை கழுவினார்.

அவர் மனைவி விசாலாட்சி மதினிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த மாசக் கடைசிக்குள்ள நாத்தம் போகணும், முட்டை வரணும். இல்ல, அம்புட்டையும் ஞாயித்துக்கெழம சந்தைக்கு ஏத்திருவேன்."

அண்ணன் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவருக்கு அந்த நம்பர்கள்தான் எல்லாம். கோழிகளைக் காப்பாற்ற இன்னும் வெறியோடு தேய்த்தார். நாலாம் நாள் குடத்தைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மூன்று வாரம் படுக்கை. மதினி முதல் வேலையாகத் தார்ப்பாயை மேலே சுருட்டிக் கட்டினார். தரையைக் காயவிட்டு, மரக்கடையிலிருந்து எட்டு மூட்டை மரத்தூள் கொண்டுவந்து கொட்டினார். தினமும் காலையில் கிளறினார், வேறொன்றும் செய்யவில்லை. என் ரசம் மறுபடி ரசமாக மணந்தது. மாசக் கடைசியில் கூடையில் பதினாறு முட்டை கிடந்தன.

அன்று அண்ணன் சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்தார். கையில் பினாயில் டப்பா. கூட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் பதறிவிட்டார். "மூணு வாரமாக் கூட்டலையா? எச்சம் அப்படியே கெடக்கே!"

"மோந்து பாருங்க" என்றார் மதினி.

குனிய முடியாமல் குனிந்து ஒரு பிடி அள்ளினார். பொலபொலவென்று உதிர்ந்தது. மோந்தார். மறுபடியும் மோந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"அப்ப நான் கழுவுனதுதேன் இதுகளுக்குச் சீக்கா?"

மதினி பினாயில் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கூட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ஹோட்டல் ரூம் கதவில் மாட்டுவார்களே, 'தொந்தரவு செய்யாதீர்' என்று இங்கிலீஷில் எழுதியது, அதுதான். அண்ணன் பழைய பெட்டியிலிருந்து தேடி எடுத்திருக்கிறார்.

"யாருக்குண்ணே இது? ஊருக்குள்ள யாரு வந்து உங்க கோழிய எழுப்பப் போறாங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத்தேன் ஆத்தா" என்றார். "இதைப் பாத்தா உள்ள போகமாட்டேன். இருபத்தெட்டு வருசத்துல ஒருநாளும் மீறுனதில்ல."