ராசியான புத்தகம்

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை றிஸ்னா ஃபெயிலானாள்.

புத்தளத்தில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. மூன்று வருடமாகக் கொன்ட்ராக்ட். டேட்டாபேஸ் நிர்வாகச் சான்றிதழ்ப் பரீட்சையில் பாஸாகிறவருக்கு நிரந்தர வேலை என்று கம்பனி சொல்லியிருந்தது. இடம் ஒன்று. எழுதுகிறவர்கள் இரண்டு பேர் – இவளும், சிலாபத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளையும்.

பரீட்சைக்கு எந்தக் கைட் புத்தகத்தைப் படிப்பது? அவளுக்கு அதில் குழப்பமே இல்லை. பரீட்சை எந்த வேர்ஷனுக்கோ அந்த வேர்ஷனுக்கு எழுதிய புத்தகத்தைக் கொழும்பில் சொல்லி வைத்திருந்தாள். குழப்பமெல்லாம் எங்களுக்குத்தான். எங்கள் ஊர் கனமூலையில் ஒரு பிள்ளை புத்தகம் வாங்கப் போகிறது என்றால் சும்மா விடுவோமா?

பெரிய மச்சான் தடித்த புத்தகமாகப் பார்க்கச் சொன்னார். உரக்கடை நடத்துகிறவர்... எதையும் எடை பார்த்தே பழகிவிட்டார். பக்கத்து வீட்டு டீச்சர், பாஸ் பேப்பர், அதுதான் பழைய கேள்வித்தாள், செய்தால் போதும், புத்தகமே வேண்டாம் என்றார். டேட்டாபேஸ் என்றால் என்னவென்று இரண்டு பேரும் கடைசிவரை கேட்கவில்லை.

பிறகு வந்தார், கம்பியூட்டர் கிளாஸ் நடத்துகிற சேர். கையில் ஒரு பழைய கைட். அதைப் படித்து மூன்று பேர் பாஸாம், ஒருவர் இப்போது கட்டாரில். ராசியான புத்தகம் என்றார். வீடே உருகிவிட்டது. நம் ஊரில் ஒரு புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? அதைப் படித்தவர் எந்த நாட்டுக்குப் போனார் என்றுதான் பார்க்கிறோம்.

றிஸ்னா முதல் பக்கத்தைப் புரட்டினாள். "இது பழைய வேர்ஷன் தானே சேர். பேக்கப் பகுதியெல்லாம் இப்ப மாறிட்டுதே."

சேர் சிரித்தார். "வேர்ஷன் மாறினா மட்டைதான் மகள் மாறும். உள்ளுக்க எல்லாம் ஒண்டுதான்."

நாள் முழுக்க அந்த டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவள் பேச்சு எடுபடவில்லை. ராசியான புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. கொழும்பில் சொல்லியிருந்ததையும் வேண்டாமென்று சொல்ல வைத்தோம். மட்டையிலுள்ள பழைய வேர்ஷன் நம்பர் கண்ணில் பட்டால் மனசு குழம்புமே என்று, பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவது போல பிரவுண் பேப்பரும் போட்டாயிற்று. என்ன மூளை பாருங்கள்!

இரண்டு மாதம் படித்தாள். பேக்கப் பற்றி வந்த கேள்விகளில் பாதியை அந்தப் புத்தகம் கேள்விப்பட்டதே இல்லை. சிலாபத்துப் பிள்ளை புதிய கைட்டைப் படித்துப் பாஸாகிவிட்டாள். இடமும் அவளுக்கு. றிஸ்னாவின் கொன்ட்ராக்ட் டிசம்பரோடு முடிகிறது. வீட்டில் இதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள் – கண்ணூறாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று சேர் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். எத்தாளை ஊரில் ஒருவர் இதே பரீட்சை எழுதப் போகிறாராம். நாலு பேரில் மூன்று பேர் பாஸ், ராசி அப்படியேதான் இருக்கிறது என்கிறார்!

றிஸ்னா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். சேரிடம் கொடுக்கவில்லை. அண்ணனான என்னிடம் நீட்டினாள்.

"இந்தப் பேப்பரக் கழட்டிட்டுக் குடுங்க நானா. நீங்க தானே போட்டீங்க."

கழற்றக் கொஞ்ச நேரம் எடுத்தது. செலோடேப்பை அன்று நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன்.