பண்ணை வண்டிக்காக எரிந்த அடுப்பு

திருவிடைமருதூர் பக்கம் அரிசி மில் தொடங்கியபோது, ஒரு பெரிய பண்ணையின் நெல்லை மட்டுமே நம்பியிருந்தேன். அந்த வருடம் கூலித் தகராறில் பண்ணை வயலில் அறுப்பே நடக்கவில்லை. நானோ தினமும் நெல் அவிக்கும் அடுப்பை மூட்டிவிட்டு, தகராறு தீர்ந்து பண்ணை வண்டி வந்துவிடும் என்று ரோட்டைப் பார்த்தபடி மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மற்ற வயல்களில் அறுத்த பெண்கள், கூலி நெல்லை வீட்டிலேயே அவித்துக் கூடையில் கொண்டுவந்தார்கள்.

"கூடை நெல்லெல்லாம் இங்க அரைக்கிறதில்ல" என்று திருப்பி அனுப்பினேன்.

ஒருநாள் என் மனைவி அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.

"வராத வண்டிக்கு எதுக்குங்க அடுப்பு? வாசல்ல நிக்கிறவங்களக் கூப்பிடுங்க."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. எழுந்துபோய்க் கூடைகளை வாங்கினேன். மில் பிழைத்தது.

இப்போது பண்ணை வண்டி வருகிறது. கூடைகளுக்குப் பின்னால்தான் நிற்கச் சொல்கிறேன்.