மகள் படித்த காகிதம்

இன்னதைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாத எங்கள் யூனிடேரியன் கிறிஸ்தவ சபையில் பதினாறு வயதுப் பிள்ளைகள் தாங்கள் நம்புவதை எழுதி எல்லார் முன்னும் படிக்க வேண்டும். யாரும் திருத்தக் கூடாது. நல்ல ஏற்பாடுதான், சொந்த மகள் எழுந்து நிற்கும்வரை. காகிதத்தை அவள் என்னிடம் காட்டவே இல்லை. மாதா கோயிலை விட்டு நான் இங்கே வந்ததை இன்னும் மன்னிக்காத என் அண்ணன் முதல் வரிசையில் இருந்தார். வெளியே ஓடும் உப்பளத்து மோட்டார் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கடவுள் இருக்காரான்னு எனக்குத் தெரியல," என்று படித்தாள். "எங்கம்மாவுக்கும் தெரியல. கேட்டா திட்டுவாங்க. பயமா இருக்குதுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க."

முடித்ததும் பெற்றவள் எழுந்து, "உன்னோடு இருக்கிறேன்" என்று சொல்வது சபை வழக்கம். எழுந்தேன். அண்ணன் திரும்பி என்னையே பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். வாயில் வந்தது "ஆமாம்" மட்டும்தான்.