மச்சாளின் மண் தரை

போன கிழமை சந்தைக்குப் போகும் வழியில் ஒருவர் என் சைக்கிளை மறித்தார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவராம்.

“என்ன நீங்கள், ஒவ்வொரு கிழமையும் உங்கடை புலம்பலையே எழுதுறியள்? சனத்துக்குப் பிரயோசனமாய் ஏதும் எழுதுங்கோவன். கரண்ட் இல்லை... மழை விட்டால் வீட்டுக்குள்ளை புழுங்கிச் சாகிறம். வெளியிலை, வளவுக்குள்ளை வசதியாய் இருக்க ஒரு இடம் எப்பிடிப் போடுறது எண்டு சொல்லுங்கோவன்” என்றார்.

நல்ல ஆளைத்தான் பிடித்தார்! மூன்று வருடமாக என் வீட்டில் நடக்கும் தனி யுத்தமே இந்த விஷயத்தில்தான். எதிர்த்தரப்பு என் மச்சாள்.

மச்சாள் என்றால் மனைவியின் தமக்கை. தெல்லிப்பழைக்காரி. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் ஜேர்மனியில். ஊரில் ஷெல் விழத் தொடங்கியதும் ஒரு பையோடும் ஒரு ஆட்டோடும் அரியாலைக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். “இரண்டு கிழமை நிப்பன் தம்பி. சண்டை ஓயப் போயிடுவன்” என்றார். சண்டை எங்கே ஓய்ந்தது?

உள்ளே ஒரு அறை தருகிறோம் என்றோம். மாட்டேன் என்றுவிட்டார்.

“வீட்டுக்குள்ளை வந்திட்டனெண்டால் பிறகு நான் உங்கடை வீட்டாள். வெளியிலை கிடந்தால்தான் விருந்தாள்.”

சரி, வெளியில்தானே? அதை நன்றாகச் செய்வோம் என்று நான் இறங்கினேன். எனக்கு மேசன் வேலை தெரியாது. ஆனால் படம் கீறத் தெரியும். மாமரத்துக்குக் கிழக்கே இடம் பார்த்தேன் — பின்னேர வெயிலை மரம் மறித்துக்கொள்ளும். சோழகக் காற்று உள்ளே வரத் தென்மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகால் அடைத்தேன். அடுப்பை அந்த மூலையில் வைத்தால் கோடையில் புகை உள்ளே சுற்றாது. (வாசகர் குறித்துக்கொள்ளலாம். இதுவரைக்கும் என் யோசனையில் பிழையில்லை.)

கொட்டில் எழும்பியது. பின்னேரமானால் வீடு முழுவதும் அங்கேதான். இரண்டு வாங்கு, ஒரு சாய்மனைக் கதிரை. யாராவது ஒருவர் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு மிதிக்க, டைனமோவில் ரேடியோ செய்தி சொல்லும். பக்கத்து வீட்டுச் சனமும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்துவிடும். என் வீட்டில் மனிதர் இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான் என்று மனைவியே ஒருநாள் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த உற்சாகத்தில் அடுத்த படம் கீறினேன். சுற்றிவர அரைச்சுவர், அதிலேயே இருக்கத் திட்டு, பாத்திரம் கழுவ ஒரு மூலை, அந்தத் தண்ணீர் வாழைக்குப் போக ஒரு வாய்க்கால், நடுவில் வழவழவென்று சீமெந்து நிலம்...

மச்சாள் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வடிவாய்க் கிடக்கு. ஆருக்கு?”

“உங்களுக்குத்தான் மச்சாள்!”

“போகேக்கை தூக்கிக்கொண்டு போகேலுமோ?”

இதுதான் அவர் சட்டம். தூக்கிக்கொண்டு போக முடியாத எதுவும் அந்தக் கொட்டிலுக்குள் வரக்கூடாது. அடுப்புக்கு மூன்று கல். உடுப்புக்கு ஒரு கொடிக்கயிறு. மனைவி ஆசையாக ஒரு மல்லிகைப் பதியம் கொண்டுவந்தாள், அதையும் நடவிடவில்லை. “பூக்கிற வரைக்கும் நான் நிக்கமாட்டன் பிள்ளை” என்றார்.

இந்த ஆடியில் எனக்குச் சீமெந்து கிடைத்தது. முக்கால் பை! அரசாங்கம் தடை போட்ட சாமான், எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். ஒரு தகர ட்றம்மில் போட்டு மூடி, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மச்சாளோடு மல்லுக்கு நின்றேன்.

“மாரிக்குத் தண்ணி ஏறும். பாம்பு பூச்சி வரும். சொன்னால் கேளுங்கோவன்!”

“தண்ணி ஏறினால் வத்தும். சீமெந்தைப் போட்டிட்டு அதிலை நீட்டி நிமிர்ந்து படுத்தனெண்டால், ஊரை மறந்திட்டன் எண்டுதான் அர்த்தம். என்னை உசுப்பாதையுங்கோ தம்பி.”

மாரி வந்தது. தண்ணீரும் ஏறியது. ஒரு வெள்ளத்தன்று போய்ப் பார்க்கிறேன், கட்டிலில் ஒரு பக்கம் மச்சாள், மறுபக்கம் ஆடு. இரண்டும் என்னை முறைத்துப் பார்த்தன. என்ன பிடிவாதம் பிடித்த மனுசி என்று திட்டிக்கொண்டு வந்தேன்.

இப்படியிருக்கத்தான் அந்த வாசகர் சைக்கிளை மறித்தார். இந்தக் கிழமை இதைத்தான் எழுதுவது, படத்தையும் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, தெல்லிப்பழையில் மச்சாளின் பக்கத்து வளவுக்காரர் வந்தார். அவரும் இடம்பெயர்ந்து இப்போது பருத்தித்துறையில் இருக்கிறார். அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதித்து வந்தவர், பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொடுத்த பிறகும் மழையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்.

“மனதைத் தேத்திக்கொள்ளுங்கோ அக்கா. அங்காலை, ஆமியின்ரை பக்கம் போய் வந்த ஒராள் சொன்னவர்... உங்கடை வீட்டுக்குக் கூரை இல்லையாம். கதவு நிலையும் இல்லையாம். எல்லாத்தையும் கழட்டிப்போட்டாங்களாம். வளவு முழுக்கப் பத்தை.”

“கிணறு?” என்று கேட்டார் மச்சாள்.

“அது தெரியேல்லை அக்கா.”

மச்சாள் அழவில்லை. வந்தவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குசினிக்குள் போய் அழுதவள் என் மனைவிதான்.

அடுத்த நாள் காலை, நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்க மச்சாள் வந்தார்.

“தம்பி, அந்தச் சீமெந்து கிடக்கோ?”

“ஏன் மச்சாள்?”

“போடுறதெண்டால் போடுங்கோ. மல்லிகையையும் நட்டால் நடட்டும். இனி என்ன...”

மூன்று வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். வென்றுவிட்டேன் அல்லவா? துள்ளிக் குதிக்க வேண்டாமா? முடியவில்லை. இந்த மனுசி இவ்வளவு நாளும் நிமிர்ந்து நின்றதே அந்த ‘மாட்டன்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். அதை நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். இப்போது அதன்மேல் என் கையாலேயே சாந்து பூசுவதா? பயமாக இருந்தது, ஐயா. உண்மையாகவே பயமாக இருந்தது.

“அது... மழைத்தண்ணி பட்டு இறுகிப்போச்சு மச்சாள். கல்லாய்க் கிடக்கு” என்றேன்.

ட்றம்முக்குள் சீமெந்து மா மாதிரிக் கிடக்கிறது. தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற மனைவிக்கும் அது தெரியும். என்னை ஒருதரம் பார்த்தாள். திரும்பி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

மச்சாள் முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு கொட்டிலுக்குள் போய் விளக்குமாற்றை எடுத்து, ஈர மண்ணைக் கூட்டத் தொடங்கினார். கூட்டிக்கொண்டே சொன்னார்:

“விடுங்கோ தம்பி. அவர் இருக்கேக்கை எங்கடை குசினிக்கு நல்ல சீமெந்து போட்டவர். கூரையைக் கழட்டலாம்... நிலத்தைக் கழட்டேலாதுதானே?”

“ஏலாது மச்சாள்” என்றேன்.

மச்சாள் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை — இந்தக் கிழமை மட்டும், நல்லகாலம்.