வாசுகி அக்காவின் ரப்பர் சாப்பு

விமானிகளுக்குப் படிக்கத் தெரியாது என்பது வாசுகி அக்காவின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஜொகூரில் ஒரு விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து, புறப்படும் விமானங்களுக்கு வழி சொல்பவர் அவர். நம்பிக்கை சும்மா வந்துவிடவில்லை.

ஓடுபாதையிலிருந்து எழும்பியதும் எத்தனை அடி ஏற வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் ஒரு தாளில் படத்தோடு அச்சடித்திருக்கும். அதுதான் புறப்பாட்டு நடைமுறை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் மெனுவை மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்துவிட்டு, கடைசியில் பால் விடாத ஐஸ் டீயான தே ஓ ஐஸ் மட்டும் கேட்கும் இந்தப் பெருமக்கள், அந்த ஒற்றைத் தாளை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். மூவாயிரம் அடியில் நில் என்று போட்டிருந்தால் நாலாயிரத்துக்குப் போய் அங்கிருந்து காலை வணக்கம் சொல்வார்கள். தோளில் தங்கக் கோடு கூடக் கூடக் கண் மங்கிவிடும் போல.

ஒவ்வொரு தவறுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே வாக்கியத்தை எழுதி எழுதிக் கை வலித்துப் போன அக்கா, மாசாயில் ஒரு கடையில் ரப்பர் சாப்பு, அதாவது முத்திரை, செய்து வாங்கி வந்தார். 'விமானி புறப்பாட்டு நடைமுறையைத் தவறாகப் படித்தார்.' ஆங்கிலத்தில் இருக்கும். மேலதிகாரிகளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரனான எனக்கும் அதில் பங்கு உண்டு. மை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

வானொலியில் பேசும் முறையில் அக்கா மகா கறார். ஒருமுறை ஒரு விமானி 'ஓகே லா' என்று சொல்லிவிட்டான். அவன் தரையிறங்கியதும் போனில் பிடித்துப் பத்து நிமிடம் வறுத்தெடுத்தார். ஆமாம் என்பதற்கு விதிப்புத்தகத்தில் 'அஃபர்ம்' என்று ஒரு சொல் இருக்கும்போது, கம்பத்துக் கிராமப் பேச்சு எதற்கு என்பது அவர் கேள்வி. மற்ற நேரத்தில் அவருக்கு எல்லாமே 'ரைட்டு'தான். சாப்பிடப் போகலாமா என்றால் ரைட்டு. செடெனாக்கில் வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்று கணவர் காளியப்பன் போன் செய்தாலும் ரைட்டு.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆசிம் என்ற பையன் சின்னச் சரக்கு விமானத்தோடு கிளம்பினான். தனி ஆளாக ஓட்டுகிற விமானம் அது. எங்கள் ஓடுபாதைக்கு இரண்டு நடைமுறைத் தாள்கள்: ஆல்ஃபா இடப்பக்கம் திரும்பும், பிராவோ வலப்பக்கம். அவனுக்குக் கொடுத்தது ஆல்ஃபா. மூவாயிரம் அடி ஏறினான், வலப்பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா உடனே பார்த்துத் திருப்பிவிட்டார். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஆசிம் தன் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. தவறு அவனுடையது என்று எங்கள் அறிக்கை சொன்னால் வெள்ளிக்கிழமையோடு வேலை போய்விடும் என்று அவன் கம்பெனி சொல்லியிருந்தது.

"சாரி கா. தப்பான ஷீட்ட பார்த்து ஓட்டிட்டேன்" என்றான்.

"படிக்க முடியாதவனுக்கு எதுக்கு தம்பி ஏரோப்ளேன்? உங்க வாப்பா கடையில ரொட்டி வீசலாமே."

"வாப்பாகிட்ட இன்னும் சொல்லல கா." கொஞ்சம் தயங்கினான். "முதல்ல லெப்டுன்னுதான் படிச்சேன். அப்புறம் எப்படிக் குழம்பினேன்னு தெரியல."

அவன் போனதும் அக்கா சாப்பை எடுத்து மையில் அழுத்தினார். படிவத்தில் நேரம் எழுத வேண்டுமே என்று, செவ்வாய்க்கிழமைப் பதிவைப் போட்டார். கோபுரத்தில் பேசுவதெல்லாம் பதிவாகும். ஆசிமின் குரல் வந்தது: "கன்ஃபர்ம் லெப்ட் டர்ன் ஆஃப்டர் த்ரீ தௌசண்ட்?"

அடுத்து அக்காவின் குரல், தெள்ளத் தெளிவாக: "ரைட்டு."

உடனே வேறு விமானம் கூப்பிட்டதால் அக்கா அந்தப் பக்கம் போய்விட்டார். அவன் என்ன புரிந்துகொண்டான் என்று திருப்பிக் கேட்கவே இல்லை. இடமா என்று கேட்டவனுக்கு வலம் என்று பதில் கிடைத்திருக்கிறது. பாவி, ஆல்ஃபாவை மூடிவிட்டு பிராவோவைத் திறந்துவிட்டான்.

இரண்டாவது தடவையும் போட்டுக் கேட்டோம். நான் சொன்னதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "அவனே ஒத்துக்கிட்டான்ல கா. யாரு டேப்ப கேக்கப் போறா? விடுங்க லா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அவன் சரியாத்தான் படிச்சிருக்கான், மூர்த்தி. சந்தேகம் வந்து கேட்டும் இருக்கான். இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தன் ஒழுங்கா கேட்டான், அவனப் போயி நான் கெடுத்திருக்கேன்."

மேசை இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்தார். சாப்பின் ரப்பரில் 'விமானி' என்ற முதல் சொல்லை மட்டும் சுரண்டி எடுத்தார். மிச்சத்தைப் படிவத்தில் குத்தினார். முன்னால் விழுந்த வெற்றிடத்தில் 'வாசுகி, கோபுரக் கட்டுப்பாட்டாளர்' என்று பேனாவால் எழுதினார். கீழே ஆசிம் கேட்ட கேள்வியையும் தன் 'ரைட்டு'வையும் பதிவில் இருந்தபடியே எழுதினார். அறிக்கை அன்றைக்கே போய்விட்டது.

ஆசிமுக்கு வேலை போகவில்லை. அக்காவைத்தான் மூன்று வாரம் கோபுரத்திலிருந்து இறக்கி வகுப்பில் உட்கார வைத்தார்கள். பாடம், வானொலியில் பேசுவது எப்படி. பாடம் எடுத்தது, முன்பு எங்கள் கோபுரத்தில் பயிற்சிக்கு வந்திருந்த லோஷினி. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்த முதல் நாளே அக்கா அந்தச் சாப்பை என் மேசையில் வைத்தார்.

"இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும். டேப்ப கேட்டுட்டு அப்புறம் பேர எழுது. என்ன, புரிஞ்சுதா?"

ரைட்டு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அஃபர்ம், கா" என்றேன்.